84 செப்புக்காசும் முனை சிதைந்த ஓர் உளியும்

பதினான்கு மாதமாக எங்கள் வீட்டு ஊஞ்சலில் யாரும் உட்காரவில்லை. பலகை முழுக்கக் காசு. போன மாதம்தான் அத்தனையையும் எடுத்து டப்பாவில் போட்டேன். வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தேடியதில் பாதி கிடைத்தது, அதுவும் நான் தேடிய இடத்தில் இல்லை. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காசுகள் சித்தப்பாவுடையவை. கும்பகோணத்தில் பழைய பித்தளை, செம்பை எடைக்கு எடுக்கும் கடைகளில் உருக்கப் போகிற குவியலைக் கிளறி, 1980களில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவர். அவர் போன பிறகு டப்பா என்னிடம் வந்தது. (மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததென்றால் கதை வேறு. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம்.) எண்ணிப் பார்த்தால் 84.

ஏறக்குறைய எல்லாமே ஒரே ஜாதி. முதலாம் ராஜராஜனின் செப்புக்காசு, 985க்கும் 1014க்கும் இடைப்பட்டது. ஒரு பக்கம் ராஜா கையில் பூவோடு நிற்கிறார். அவருக்கு ஒரு புறம் விளக்கு என்று சிலரும் சூலம் என்று சிலரும் சொல்கிற ஒன்று, மறு புறம் பிறையும் அதற்குக் கீழே வரிசையாக உருண்டைகளும். திருப்பினால் ராஜா உட்கார்ந்திருக்கிறார். கைக்குக் கீழே நாகரி எழுத்தில் மூன்று வரி: ஸ்ரீ, ராஜ, ராஜ. படம் சோழ நாட்டுச் சொந்தச் சரக்கு இல்லை. இலங்கையின் கஹவணு என்கிற பொற்காசிலிருந்து வந்த அமைப்பு. சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்ற பெயரே வருகிறது. 1070இல் சோழர்கள் இலங்கைத் தலைநகரான பொலன்னறுவையை விட்டுப் போன பிறகும் சிங்கள அரசர்கள் இதே படத்தையே அடித்தார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் ஓடிய படம்.

படம் ஒன்றுதான், ஆனால் டப்பாவில் எந்த இரண்டு காசும் ஒன்று போல இல்லை. ஒன்றில் ராஜா தொந்தியும் தொப்பையுமாக இருக்கிறார், இன்னொன்றில் நாலு குச்சியை நூலால் கட்டி நிறுத்தியது போல. எனக்கு வந்த ஆசை சின்னதுதான். இந்தக் காசுகளை அடித்த அச்சில் படத்தைக் குழியாக வெட்டியவர்கள் எத்தனை பேர்? பேர் தெரிய வேண்டாம், 'இது ஒரு கை, இது வேறொரு கை' என்று பிரித்து வைத்தால் போதும். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தேன்.

முதல் வாரமே தப்பு பண்ணினேன். எங்கள் வீட்டில் குத்துவிளக்கு, செம்புக்குடம் எல்லாம் புளி, உப்பு போட்டுத்தான் துலக்குவது. அதே பழக்கத்தில் ஆறு காசைப் புளித்தண்ணீரில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அரை மணி கழித்துப் பார்த்தால் ஆறும் புதுச் செம்புக் கம்பி மாதிரி பளபளவென்று இளஞ்சிவப்பில் இருந்தன. பச்சையும் கறுப்பும் போயிற்று. அதோடு ராஜாவும் போய்விட்டார். ஆயிரம் வருடத்தில் காசின் மேல்தோல் முழுக்கக் களிம்பாக உருமாறியிருக்கிறது. நுணுக்கமான கோடெல்லாம் அந்தக் களிம்பில்தான் உயிரோடு இருந்திருக்கிறது, அடியில் இருக்கும் செம்பில் இல்லை. புளி அதைக் கரைத்துவிட்டது. மிச்சம் நின்றது அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அந்த ஆறையும் தனியாக ஒரு கவரில் போட்டு, மேலே தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். என் தண்டனைக்கு.

மீதிக்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், ஐந்து லிட்டர் கேன், 100 ரூபாய். ஒவ்வொரு காசும் தனித்தனிக் கிண்ணத்தில், வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி, மூன்று வாரம். பிறகு பல்குத்தும் மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நெம்பினேன். ஊசியால் ஒரு முறை நெம்பியதில் 40ஆம் காசின் முழங்காலில் ஒரு கீறல் விழுந்தது. அதற்கப்புறம் ஊசியைத் தொடவில்லை.

அடுத்தது எடை. 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, 750 ரூபாய். பெரும்பாலானவை 3.6க்கும் 4.3க்கும் நடுவில். விட்டம் பதினெட்டிலிருந்து இருபது மில்லிமீட்டர். எடையை வைத்துக் கூட்டம் பிரியும் என்று ஒரு நோட்டில் அட்டவணை போட்டேன், எதுவும் பிரியவில்லை. ஒரு லாபம் உண்டு. 3.1 கிராம் இருந்த ஒரு காசை லூப் என்கிற உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் தோசையில் வருகிற மாதிரி சின்னச் சின்னக் குமிழிக்குழிகள், விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு. அடித்த காசில்லை, வார்த்தது. சித்தப்பாவை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். அதை விலக்கினேன். எழுத்தை நிதானமாகப் படித்ததில் ஏழு காசு ராஜராஜனே இல்லை: நாலு சிங்கள அரசர் பராக்கிரமபாகுவுடையவை, ஒன்று லீலாவதி, இரண்டு யாருடையவை என்று படிக்க முடியாதவை. லீலாவதி 1197க்கும் 1212க்கும் நடுவில் மூன்று முறை பொலன்னறுவையில் ஆண்ட அரசி. அவள் காசிலும் நிற்பது அதே ஆள்தான். எழுத்தில் மட்டும் 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. அரசி மாறினாலும் அச்சு வெட்டுகிறவர் பழகின படத்தை மாற்றவில்லை. இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

யோசிக்காமல் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். எவர்சில்வர் டம்ளர் நாலை இரண்டிரண்டாக அடுக்கி, மேலே செல்போனைக் குறுக்கே கிடத்தி, கீழே காசை வைத்துப் படம் எடுத்தேன். படங்களை அச்சடித்து ஊஞ்சலில் பரப்பினேன். கிளிமூக்கு, தவளைவாய், இரட்டைத் தாடை, முகமில்லாதவர், சப்பைத்தலை என்று பேர் வைத்துப் பதினோரு கூட்டமாகப் பிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்த மைத்துனருக்கு ஒரு மணி நேரம் விளக்கம் வேறு.

அது இடிந்தது சமையலறை அலுமினிய ஃபாயிலால். களிம்பின் நிறம் கண்ணை ஏமாற்றுகிறது என்று, காசின் மேல் ஃபாயிலைப் போர்த்தி, பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, வெள்ளிநிறப் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். பச்சைக் காசும் கறுப்புக் காசும் அதில் ஒரே நிறமாகிவிடும், வடிவம் மட்டும்தான் மிஞ்சும். எடுத்த பிரதியைக் கண்ணாடித்தாளில் படியெடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். 17ஆம் காசு 'கிளிமூக்கு'. 52ஆம் காசு 'முகமில்லாதவர்'. இரண்டின் தாளையும் தற்செயலாகச் சேர்த்து வைத்தால் பிறையின் நுனி, நாலு உருண்டை, இரண்டு முழங்கால், வேட்டிக் கொசுவத்தின் அடிமுனை எல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். பிறை நுனியிலிருந்து இடது முழங்கால் இரண்டிலும் 9.4 மில்லிமீட்டர். ஒரே அச்சு! ஒரே அச்சில் அடித்த இரண்டு காசை இரண்டு ஆள் வெட்டியதாக நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

காரணம் பிறகு புரிந்தது. அச்சில் முகம்தான் ஆழமான குழி. அடிக்கும்போது செம்பு கடைசியாகத்தான் அங்கே போய்ச் சேரும். அடி கொஞ்சம் குறைந்தாலும் முகம் எழும்பாது. அப்படியே எழும்பினாலும் காசில் அதுதான் மேடு, கை மாறக் கை மாற முதலில் தேய்வதும் அதுவே. 'முகமில்லாதவர்' என்று ஒரு சிற்பியே இல்லை, அடித்தவனுக்கு அன்றைக்குக் கை வலித்திருக்கிறது, அவ்வளவுதான். 'இரட்டைத் தாடை' இன்னும் மோசம். முதல் அடிக்கு மேல் அச்சு துள்ளி, கொஞ்சம் நகர்ந்து இரண்டாவது அடி விழுந்திருக்கிறது. இரண்டு முகத்தின் தாடை. நான் அதை ஒரு பாணி என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். 'சப்பைத்தலை'யில் பாதி என் விளக்கு செய்த வேலை, படம் எடுத்த நாளுக்கு ஒரு திசையிலிருந்து வெளிச்சம் விழுந்திருந்தது.

17க்கும் 52க்கும் ஒரு வித்தியாசம் மட்டும் நிஜமாகவே இருந்தது. 52இல் வலது முழங்காலிலிருந்து விளிம்பு வரை முடி மாதிரி ஒரு மேட்டுக்கோடு. காசில் விழுந்த கீறல் என்றால் பள்ளமாக இருக்க வேண்டும், இது மேடு. அச்சில் விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் செம்பு ஏறியிருக்கிறது. ஆக 52, 17க்குப் பிறகு அடித்தது. எது முன்னே எது பின்னே என்று ஒரு காசு தானாகவே சொன்ன முதல் வார்த்தை இது. பதினோரு கூட்டத்தையும் கலைத்ததில் வந்த எரிச்சல் இதில் பாதி ஆறியது.

வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, ஒரு அச்சை நாமே வெட்டிப் பார்த்தால்தான் எது வெட்டியவனுடையது, எது அடித்தவனுடையது, எது காலத்தினுடையது என்று தெரியும் என்று தோன்றியது. எங்கள் தெருவில் ஒரு பத்தர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. கடை மூடிப் பதினைந்து வருடமாகிறது, ஆனால் நெருப்பு மூட்டும் உமியோடும் வைத்துத் தட்டும் அடைகல்லும் திண்ணைக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. கொழுந்து வெற்றிலை ஒரு கவுளியோடு போனேன்.

அவரிடம் போகும் முன்னாலேயே நானாக ஒன்று வெட்டியிருந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். 25 மில்லிமீட்டர் பித்தளைத் துண்டு, 150 ரூபாய். காசைப் பார்த்துப் பார்த்து, அப்படியே, எழுத்து உட்பட, நாலு நாள் உட்கார்ந்து வெட்டினேன். ஈயத்தில் வைத்து ஒரு தட்டு தட்டி எடுத்தால், எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கிறது. பூ வேறு கைக்குப் போய்விட்டது. ரப்பர் ஸ்டாம்ப் பார்த்த எவனுக்கும் தெரிந்த விஷயம். நாலு நாளில் ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. ஆறுதலுக்கு ஒன்று: 38ஆம் காசில் மூன்றாம் வரியில் ஒரு 'ஜ' மட்டும் திரும்பி நிற்கிறது. அந்தக் காலத்திலும் ஒருத்தருக்கு நடுவில் கவனம் தவறியிருக்கிறது.

பத்தர் என் பித்தளையைப் பார்த்தார், சிரிக்கவில்லை.

"தம்பி, முதல்ல மூஞ்சிய வெட்டினீங்களா?"

"ஆமாங்கய்யா."

"யாரும் மூஞ்சில ஆரம்பிக்க மாட்டாங்க. வாசல்ல கோலம் எப்படிப் போடறாங்க? புள்ளிய வச்சிட்டுத்தானே இழுக்கறாங்க."

இரும்பில் செய்யச் சொன்னார். 25 மில்லிமீட்டர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தண்டில் ஒரு துண்டு 90 ரூபாய், லேத்தில் அதன் முகப்பைச் சீவ 100 ரூபாய். முகப்பில் வெள்ளை போஸ்டர் கலர் பூசிக் காயவைத்தேன். டிரேசிங் பேப்பரில் பென்சிலால் படம் எடுத்து, அதைக் குப்புறக் கவிழ்த்துத் தேய்த்தால் திரும்பின படம் வெள்ளையில் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் பத்தர் முனை உருண்டையான ஒரு சின்ன உளியை வைத்து, சுத்தியலால் டக் டக் என்று தோள் இரண்டு, முழங்கை இரண்டு, இடுப்பு, முழங்கால் இரண்டு, பிறைக்குக் கீழே நாலு என்று புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கூர் உளியால் புள்ளிக்குப் புள்ளி கோடு. மூஞ்சி கடைசி. மூக்குக்கு ஒரு கோடு, வாய்க்கு இரண்டு சின்ன வெட்டு.

அங்கேதான் எனக்கு மணியடித்தது. ராஜராஜன் காசில் மூட்டுகளெல்லாம் உருண்டையாக இருப்பதை நான் 'பாணி' என்று நோட்டில் எழுதியிருந்தேன். பாணி என்பதைவிட அது வேலை செய்கிற வரிசை.

அடிப்பது தனிக் கூத்து. 16 கேஜ் செப்புத் தகடு, பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர், 240 ரூபாய். அதன் கனம் 1.63 மில்லிமீட்டர். 19 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டினால் நாலு கிராமைக் கொஞ்சம் தாண்டுகிறது, அரத்தால் விளிம்பைச் சீவினால் சரியாக வந்துவிடும். நிற்கிற ராஜாவை அடி அச்சாகப் புளியமரக் கட்டையில் குழிதோண்டி இறக்கினோம். உட்கார்ந்த ராஜா மேல் அச்சு, கையில் பிடிப்பது. பச்சையாக அடித்தபோது ஒரு கிலோ சுத்தியலுக்குச் செம்பு அசையவே இல்லை, முழங்கால் மட்டும் விழுந்தது. உமியோட்டில் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்து வைத்து, இரண்டு கிலோ சுத்தியலால் ஒரே அடியாக அடித்தபோதுதான் எழும்பியது. 24 வட்டம் அடித்ததில் உருப்படியானது ஒன்பது. மீதியில் பாதிப் படம் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. பிறைக்குக் கீழே நாலு உருண்டை வெட்டியிருந்தோம், அடித்த காசில் மூன்றுதான் தெரிந்தது. டப்பாவிலும் 'மூன்று உருண்டை வகை' என்று ஒரு கட்டு வைத்திருந்தேன். அன்று ராத்திரி அந்தக் கட்டையும் அவிழ்த்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். கையில் பிடித்த மேல் அச்சு பதினைந்து அடியிலேயே ஓரம் மடங்கிக் கோடுகள் மழுங்கிவிட்டன. கட்டையில் உட்கார்ந்த அடி அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பாவில் ஒரே அச்சு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது மூன்று ஜோடி. மூன்றிலும் நிற்கிற பக்கம் ஒன்றாக இருக்கிறது. அதில் இரண்டு ஜோடியில் உட்கார்ந்த பக்கம் வேறு வேறு. அப்போதும் நிற்கிற ராஜாதான் கட்டையில் இருந்திருப்பார் போல.

நாங்கள் அடித்த ஒன்பதிலும் விளிம்பில் அரத்தால் ஆழமாக ஒரு வெட்டு போடச் சொன்னார் பத்தர். "நாளைக்கு ஒருத்தன் இத எடுத்துட்டுப் போய் ராஜராஜன்னு வித்துடுவான்." போட்டாயிற்று.

இப்போது பழைய காசுகளைத் திரும்ப எடுத்தேன். புளியில் போனது ஆறு, வார்ப்பு ஒன்று, ராஜராஜன் அல்லாதவை ஏழு போக 70. படத்தை முதலிலிருந்து எடுத்தேன். விளக்கு எப்போதும் கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் திசையில், மேஜைக்கு ஒட்டினாற்போல் தாழ்வாக. கீழிருந்து வெளிச்சம் விழுந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும், ராஜா காசுக்குள் புதைந்துவிடுவார். இந்த முறை முகம், எழுத்து எதையும் பார்க்கவில்லை. 10 மடங்கு லூப்பில் (480 ரூபாய்) புள்ளியும் கோடும் சேருகிற இடத்தை மட்டும் பார்த்தேன்.

அங்கே ஒரு சின்ன சாட்சி இருக்கிறது. முதலில் புள்ளி வைத்துப் பிறகு கோடு இழுத்தால், கோடு உருண்டை வரைக்கும் ஒரே அகலத்தில் வந்து முட்டும். முதலில் கோடு இழுத்துப் பிறகு புள்ளி வைத்தால், புள்ளி உளி தன்னைச் சுற்றி இரும்பை நெருக்கித் தள்ளும். பக்கத்திலிருக்கும் கோட்டின் வாய் சுருங்கிவிடும். காசில் பார்த்தால் உருண்டைக்குக் கிட்டே கோடு இடுப்பு சிறுத்துப் போயிருக்கும். இரும்பில் இரண்டு விதமாகவும் வெட்டி, ஈயத்தில் அடித்து, சரிதான் என்று உறுதி பண்ணிக்கொண்டேன்.

70இல் புள்ளி முந்தி வைத்தவை 40, கோடு முந்தி இழுத்தவை 14. மீதி 16இல் மூட்டு எதுவும் பார்க்கும்படி இல்லை, அவற்றைப் பிரிக்க முயற்சி செய்யவில்லை. முன்பானால் செய்திருப்பேன். கோடு முந்தி இழுத்த பதினாலில் ஒரு பொதுக்குணம்: வேட்டிக் கொசுவம் எல்லாவற்றிலும் மூன்றே கோடு, கீழே விசிறி மாதிரி விரிகிறது. புள்ளி முந்தி வைத்தவற்றில் கொசுவம் நாலு, ஐந்து, சிலதில் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கம். வேலைப் பழக்கமும் வேட்டியும் ஒத்துப்போவதால் அந்தப் பதினாலும் ஒரு பட்டறை என்று நம்புகிறேன். ஒரு ஆள் என்று சொல்லத் துணிவில்லை.

அந்த நாற்பதில்தான் ஊஞ்சலைக் காலி பண்ண வைத்த விஷயம் இருந்தது.

23ஆம் காசு. பிறைக்குக் கீழே நாலு உருண்டை. ராத்திரி பதினொன்றரை மணி, லூப்பைக் கண்ணோடு ஒட்டிவைத்து வரிசையாகப் பார்க்கிறேன். முதல் உருண்டை முழு வட்டமில்லை. ஒரு பக்கம் நகத்தால் சீவிவிட்ட மாதிரி தட்டை. தேய்மானம் என்று விட்டுவிட்டு இரண்டாவதைப் பார்த்தால் அதிலும் அதே அளவு தட்டை, ஆனால் வேறு திசையில். மூன்றாவதிலும் நாலாவதிலும் அப்படியே. தேய்மானம் இப்படித் திசைக்குத் திசை திரும்பாது. உளி முனையில் ஒரு சில்லு போயிருக்கிறது. வெட்டியவர் அந்த உளியை எடுத்தபோதெல்லாம் விரலுக்குள் எப்படி அகப்பட்டதோ அப்படியே வைத்திருக்கிறார். உருண்டையின் அகலம் 1.3 மில்லிமீட்டர்.

மறுநாள் முழுக்க நாற்பதையும் அலசினேன். அந்தச் சில்லு போன புள்ளி ஒன்பது காசில் இருக்கிறது, எல்லாவற்றிலும் 1.3. அந்த ஒன்பதும் ஒரே அச்சு இல்லை, ஏழு வெவ்வேறு அச்சு. ராஜாவின் உயரம், கையின் வளைவு, வேட்டி, எல்லாம் அச்சுக்கு அச்சு மாறுகிறது. முகத்தை வைத்துப் பிரித்த காலத்தில் இந்த ஒன்பதும் ஆறு கூட்டத்தில் சிதறிக் கிடந்தன. கண்ணுக்கு ஒன்று போல இல்லாத ஏழு அச்சும் ஒரே உளியால், ஒரே பட்டறையில் வெட்டியவை.

அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதி. 61ஆம் காசு நிறுத்த விடவில்லை. அதில் நாலு உருண்டையிலும் தட்டைப் பக்கம் ஒரே திசை, இடது கீழ். சிப்பாய் வரிசை மாதிரி. மூட்டுப் புள்ளிகளும் அப்படியே. ஒன்பதையும் பிரித்தேன்: ஐந்தில் தட்டை எப்போதும் இடது கீழ், நாலில் கண்டபடி திரும்புகிறது. உளி ஒன்றுதான், ஆனால் அதைப் பிடிக்கிற விதம் இரண்டு.

ஒரே ஆள் ஒருநாள் கவனமாகவும் ஒருநாள் அசதியாகவும் வெட்டியிருக்கலாமே என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். எழுத்துப் பக்கத்தை வைத்துச் சோதிக்கலாம் என்று திருப்பினேன். ஒழுங்கான ஐந்திலும் 'ரா'வின் நெடில் கோடு அடுத்த வரியைத் தொடுகிற அளவுக்கு நீளம். மற்ற நாலில் இரண்டில் எழுத்தே விளிம்புக்கு வெளியே போய்விட்டது. மிச்ச இரண்டில் நெடில் குட்டை. இரண்டு காசை வைத்து எதையும் நாட்ட முடியாது. அதிலும் உட்கார்ந்த பக்கத்தை வேறொருவர் வெட்டியிருக்கவும் வழி உண்டு.

படங்களை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பேசாமல் உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். உளிகள். அதில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். தண்டில் கட்டைவிரல் உட்காரும் இடத்தில் அரத்தால் ஒரு சின்னப் பள்ளம்.

"எங்கப்பாவோடது. மொனை ஒருபக்கம் ஓஞ்சிருக்கும், அதனால இங்க ஒரு அடையாளம் போட்டு வச்சிருந்தாரு. விரல் அதுல உக்காந்தாத்தான் அடிப்பாரு. நானும் அப்படித்தான்." கட்டை மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னார், "எம் பையன் ஒரு நாலு வருஷம் எங்கூட உக்காந்தான். அவன் அதப் பாக்கவே மாட்டான், எடுப்பான், அடிப்பான். கேட்டா, புள்ளிதானப்பா, யாரு பாக்கப் போறாங்கம்பான்."

மொத்தச் செலவு 1,910 ரூபாய், வெற்றிலை தனி. வெர்னியர் இரவல். அடுத்த முறை செய்தால், தண்ணீரில் போடுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படம் எடுத்துவிடுவேன். ஃபாயில் பிரதியை முதல் நாளே எடுப்பேன், முகம் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுத்தான் பார்க்க உட்காருவேன். அச்சுக்கு எம்.எஸ். போதாது, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு கேட்டு வைத்திருக்கிறேன். பராக்கிரமபாகு நாலையும் லீலாவதியையும் இன்னும் மூட்டு மூட்டாகப் பார்க்கவில்லை. அவை மட்டும் தனியாக ஒரு தீப்பெட்டியில், ஊஞ்சலுக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கின்றன.